எஞ்சின் ரூம் ஆல் ரைட்

அன்புக்கரசியைப் போல எஞ்சின் ரூமைக் கவனிக்கிற ஆள் இந்த லைனிலேயே கிடையாது என்று லோகோ பைலட் சுப்பராமன் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சரக்கு வண்டி சிக்னலில் நின்றால் போதும், அவருடைய உதவி பைலட்டான அந்தப் பெண், "எஞ்சின் ரூம் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று கிளம்பிவிடுவாள். எஞ்சினின் ஓரமாக ஓடும் நடைபாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய், தகரக் கதவைத் திறந்து, அந்தக் கொதிக்கிற இருட்டுக்குள் நுழைவாள். வியர்த்து வழியத் திரும்பி வந்து, "எஞ்சின் ரூம் ஆல் ரைட் சார்" என்பாள். மற்ற பையன்கள் எல்லாம் கேபினில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆல் ரைட் சொல்லுகிறவர்கள். சுப்பராமனுக்குப் புல்லரித்துப் போய், மேலே எழுதிப் போட்டு, அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்கப் போகிறார்கள்.

அந்தப் பத்திரத்தை நினைத்தால் அன்புக்கரசிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் எஞ்சின் ரூமுக்குப் போனது எஞ்சினைப் பார்க்க அல்ல.

மலை மாதிரி எஞ்சினைக் கட்டினார்கள். அதற்கு எண்ணெய் போக ஒரு வழி, தண்ணீர் போக ஒரு வழி, புகை போக ஒரு வழி என்று பார்த்துப் பார்த்துக் குழாய் வைத்தார்கள். ஓட்டுகிற மனுஷருக்கும் ஒரு வழி வேண்டுமே என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆண்களுக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. வண்டி நின்றால் சுப்பராமன், "இதோ வந்துடறேம்மா" என்று மறுபக்கம் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்து நிற்பார். அன்புக்கரசி இந்தப் பக்க ஜன்னலில் வராத வண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் என்னதான் செய்வாள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தாள். தலை சுற்றியது. இதே வேலையிலிருக்கும் மற்றப் பெண்கள் சொன்னபடி பெரியவர்களுக்கான டயபர் கட்டிப் பார்த்தாள். அந்தச் சூட்டில் தொடையெல்லாம் புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் எஞ்சின் ரூமின் கோடியில், கம்ப்ரசருக்குப் பின்னால், வாய் வெட்டிய ஓர் எண்ணெய் கேனை ஒளித்து வைத்தாள். அவள் பிறந்தது கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசையில். அங்கே அம்மா விடிவதற்குள் ஓடி ஒதுங்கிவிட்டு, பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அந்த இருட்டைத் தாண்டத்தான் அன்புக்கரசி டிப்ளமா படித்தாள், பரீட்சை எழுதினாள். தாண்டி வந்து சேர்ந்த இடம் ஒரு வெட்டிய கேன். இதை அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் காலி வேகன்களை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சைதாப்பேட்டை தாண்டி சிக்னலில் வண்டி நின்றது. தாம்பரத்திலிருந்தே முட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு. வழக்கம்போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உடையைச் சரி செய்துகொண்டு அவள் எழுந்த நேரம் பார்த்து சிக்னல் விழுந்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. கேன் கவிழ்ந்தது. எஞ்சின் ஓரத்துத் தகரத்தரை முழுக்க மஞ்சளாக ஓடி, தண்ணீர் பம்புக்கு அடியில் போய்த் தேங்கியது.

துடைக்கிற பஞ்சு கேபினில் இருந்தது. எடுத்து வரலாம் என்று வந்தாள். அதற்குள் மாம்பலம் பிளாட்பாரம் வந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் வாங்கின ஜவுளிப் பைகளோடு கூட்டம் அலைமோதியது. அங்கேயும் சிவப்பு விழுந்திருந்தது. வண்டி நின்றது.

"எஞ்சின் ரூம்?" என்றார் சுப்பராமன்.

"ஆல் ரைட் சார்."

"பேஷ். இதோ வந்துடறேம்மா" என்று அவர் மறுபக்கம் இறங்கினார்.

அங்கேதான் வந்தது வினை. நின்று முடித்துவிட்டு ஏணியில் ஏறப்போனவர் கண்ணில், தகரக் கதவுக்கு அடியிலிருந்து சொட்டுகிற மஞ்சள் தண்ணீர் பட்டுவிட்டது. எஞ்சினைக் குளிரவைக்க உள்ளே ஓடுகிற தண்ணீரும் மஞ்சள்தான். துருப்பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலப்பார்கள். அது ஒழுகினால் எஞ்சின் கொதித்துப் போகும்.

"அன்பு! இங்க ஓடி வா!"

அவள் ஓடினாள். சுப்பராமன் எஞ்சின் ரூமுக்குள் குந்தி உட்கார்ந்திருந்தார். வாழைப்பழத் தோலைத் தொட்டால்கூடக் கை கழுவுகிற மனுஷர், வீட்டுத் தயிர்சாதத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத மயிலாப்பூர்க்காரர், அந்தத் தண்ணீரில் இரண்டு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகுவது எண்ணெயா தண்ணீரா என்று பழைய டிரைவர்கள் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

"வழவழப்பே இல்ல. தண்ணிதான்." மூக்கருகே கொண்டு போனார். "மருந்து நெடி எப்படி தூக்கறது பாரு. கார்த்தால ஷெட்ல காதர் மாட்டின புது பம்ப்னா இது? ஒழுகறதோல்லியோ?"

அன்புக்கரசிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்லுவாள்?

"ஆமா சார்" என்றாள்.

சுப்பராமன் எஞ்சினை அணைத்தார். தண்ணீர் அளவு காட்டுகிற கண்ணாடி கரி பிடித்துக் கிடந்ததால் அதை நம்ப முடியவில்லை. வாக்கி டாக்கியில் தகவல் போயிற்று. பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கங்கே நின்றன. அன்புக்கரசி பஞ்சை எடுத்துக்கொண்டு போய்த் துடைக்கப் பார்த்தாள்.

"தொடாதே! இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும்" என்று தடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் துரைராஜ் எழும்பூரிலிருந்து மின்சார ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தார். கூடவே ஷெட் ஃபிட்டர் காதர், ஸ்பேனர் பையோடு, முகமெல்லாம் வெளிறிப்போய் வந்தான். திருவல்லிக்கேணிக்காரன். அவன் வந்ததும் வராததுமாக அந்தத் தண்ணீரிலேயே மண்டியிட்டு, பம்பைச் சுற்றிலும் கையால் துழாவினான். பேன்ட்டின் இரண்டு முழங்காலும் நனைந்து மஞ்சளாயின. அன்புக்கரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், பம்ப் காஞ்சி கீது சார். ஒரு சொட்டு ஒழுகல."

"ஒழுகாமலா தரையில குளம் கட்டி நிக்குது?" என்று எரிந்து விழுந்தார் துரைராஜ். "போன மாசம் ஒரு எஞ்சின்ல சொதப்பின. பாவம்னு விட்டேன். இன்னிக்கு மெயின் லைனே நின்னுபோச்சு. நாளைக்கு நீ ஷெட்டுக்கு வர வேணாம். சஸ்பென்ஷன்."

"அல்லா மேல ஆணையா சார், நல்லாதான் டைட் பண்ணேன். இன்னா நடந்துச்சினே தெர்ல சார்."

"ஆணையெல்லாம் என்கொயரியில வந்து வை."

காதர் எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில் மண்டியிட்டபடி, பம்பின் ஒவ்வொரு நட்டையும் மறுபடி தடவிப் பார்த்தான். ஒழுகாத பம்பில் ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்த அந்த மனுஷனை அன்புக்கரசி பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தால் தன் மானம் போகும். திறக்காவிட்டால் அவன் சோறு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் கால் நகர மறுத்தது.

ஒருவழியாக நகர்ந்தாள். கம்ப்ரசருக்குப் பின்னால் கையை விட்டு, வெட்டிய கேனை எடுத்து வந்து மூன்று பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"அது எஞ்சின் தண்ணி இல்ல சார்" என்றாள். "என்னுது."

துரைராஜுக்கு முதலில் விளங்கவில்லை. கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சட்டென்று கதவுக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, மொதல்லயே சொல்லிக்கலாம்ல? என் உசுரே பூட்ச்சே!" என்று காதர் கத்தினான். கத்தி முடித்த பிறகுதான் அவள் முகம் அவன் கண்ணில் பட்டது. தன் முழங்காலைக் குனிந்து பார்த்தான். "உடு... நீயும் இன்னா பண்ணுவ" என்று முனகிக்கொண்டு ஸ்பேனர்களைப் பொறுக்கினான்.

சுப்பராமனுடைய வலது கை உடம்பை விட்டுத் தள்ளி, விரல்கள் விரிந்தபடி நின்றது. அன்புக்கரசிக்குக் கண்ணில் அந்தக் கை ஒன்றுதான் தெரிந்தது.

"சிக்னல்ல நின்னப்போ எல்லாம் இதுக்குத்தான் போனியா?" என்றார் கடைசியில்.

"ஆமா சார். அந்தப் பத்திரம் வேணாம் சார் எனக்கு."

"நான் ஒவ்வொரு தடவையும் உன் கண்ணெதிர்லயே இறங்கிப் போயிண்டு இருந்தேன்" என்றார் அவர், வேறு யாரையோ பற்றிச் சொல்லுகிற மாதிரி. "நீ என்ன பண்றேன்னு ஒரு நாள் கேக்கலையே."

துரைராஜ் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. கண்ணாடி தப்பாக் காட்டிடுச்சு, செக் பண்ணோம், எஞ்சின் ஓகேன்னு சொல்லி முடிச்சுக்கலாம். காதர், நீ ஷெட்டுக்குப் போ, உன் மேல ஒண்ணும் இல்ல. இது நம்ம நாலு பேரோட போகட்டும்மா, கவலப்படாத."

நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. காதரை அந்தப் பாடு படுத்திவிட்டு அப்பாடா என்று வந்ததே, அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அவர்கள் இறங்கிப் போனார்கள். தரையை அவளே துடைத்தாள். கேபினுக்குத் திரும்பியபோது எஞ்சின் மறுபடி உறுமிக்கொண்டிருந்தது. சுப்பராமனின் தண்ணீர் பாட்டில் அவர் பக்கத்திலேயே நிரம்ப இருந்தது. அவர் கை கழுவியிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கையால் சாவகாசமாக பிரேக் பிடியைப் பிடித்தார். அவளுக்கு அழுகை வந்தது.

சிக்னல் பச்சையானது. சுப்பராமன் வண்டியை எடுக்கவில்லை.

"எதிர்க்க பிளாட்பாரத்துல லேடீஸ் வெயிட்டிங் ரூம் இருக்கு. போயிட்டு வாம்மா."

"சிக்னல் விழுந்துடிச்சி சார்."

"விழட்டும்."

உண்மையில் அவளுக்கு முட்டிக்கொண்டுதான் இருந்தது. பயத்தில் இன்னும் அதிகமாக. வாக்கி டாக்கி கரகரத்தது. மாம்பலம் ஸ்டேஷன் மாஸ்டர்.

"சரக்கு வண்டி, சிக்னல் கொடுத்தாச்சு. ஏன் கிளம்பல? காரணம் சொல்லுங்க."

சுப்பராமன் பொத்தானை அழுத்தினார். "மாஸ்டர், நம்ம அசிஸ்டென்ட்டுக்கு... வந்து... ஒரு பெர்சனலா..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. காது சிவந்துவிட்டது.

"என்ன சார் பெர்சனல்? பின்னாடி எக்ஸ்பிரஸ் நிக்குது. காரணத்தை ஒழுங்கா சொல்லுங்க."

அன்புக்கரசி அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். யார் யார் காதில் விழும் என்று அவளுக்குத் தெரியும். வண்டியின் வாலில் இருக்கிற கார்டு, சைதாப்பேட்டை, கோடம்பாக்கம், அக்கம்பக்கத்து மின்சார ரயில் டிரைவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். முகம் தீயாக எரிந்தது.

"அசிஸ்டென்ட் லோகோ பைலட் அன்புக்கரசி பேசுறேன். பாத்ரூம் போவணும். போய்ட்டு வந்தாதான் வண்டி கிளம்பும்."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. பிறகு மாஸ்டரின் குரல், சுருதி இறங்கி வந்தது.

"சரியா கேக்கல. ரிப்பீட்."

கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் சிக்னலைக் கூவிச் சொல்லுகிற அதே சத்தத்தில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"பாத்ரூம் போவணும் சார்."