பீங்கான் விழுந்த பாட்டு

நான் கோபக்காரன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். சூரிச்சுக்கு மேற்கே உள்ள பீல் நகரத்தில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருபது வருடமாக முள்ளுப் பூட்டுகிறேன். நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் அந்த மூச்சை விட ஓரிடம் வேண்டும். எனக்கு அது சோல் இசை.

அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் தங்கள் கிறிஸ்தவக் கோயில்களில் பாடிப் பழகிய குரலை வெளியே கொண்டுவந்து, காதலையும் பிரிவையும் பாடினார்கள். சோல் என்பது அதுதான். நானும் ஊரில் பாஷையூர்க் கோயில் பாடகர் குழுவில் நின்றவன். அதனால் அந்தக் குரலை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேற்பார்வையாளர் ரெனே ஒரு கசெட் தந்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

ரெனே நடத்தும் சோல் இசைக் கழகத்தில் நாங்கள் ஏழு பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம், சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே உள்ள அறையில் கூடுவோம். ஆளுக்கொரு ரெக்கோட் கொண்டுபோவோம். ரெக்கோட் சுழலும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மீறியவர்களோடு நான் பட்ட சண்டைகளைத் தனிக்கதையாக எழுதலாம்.

எங்கள் எல்லாருக்கும் உயிரான ரெக்கோட் ஒன்றுதான். ஓடெசா கிரேன் என்ற பாடகி 1991 மாசி மாதம் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பாடியபோது பதிவு செய்தது. சொந்த நாட்டில் அவரை மறந்துபோயிருந்தார்கள். பனிச்சறுக்க வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அறுபது வயதில் அவர் நின்று பாடினார். மூன்று வருடத்தில் செத்துப்போனார். மொத்தமே ஐந்நூறு ரெக்கோட்தான் அடித்தார்கள். என்னிடம் இருப்பது ஒன்று.

அதன் கடைசிப் பாட்டின் மூன்றாம் சரணத்தைக் கேட்டு நான் அழாத நாள் இல்லை. வெட்கமில்லாமல் சொல்லுகிறேன். வீட்டுக்குத் திரும்பாத ஒருவனுக்காகக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. மூன்றாம் சரணத்தில் அவர் குரல் இறங்கி இறங்கி, பாட்டா பேச்சா என்று தெரியாத இடத்துக்கு வரும். சரியாக அந்த இடத்தில், படாரென்று ஒரு பீங்கான் அடுக்கு விழுந்து நொறுங்கும். சனம் சிரிக்கும். பிறகு ஒலி ஒருகணம் அறுந்து, அவர் அதே சரணத்தை முதலிலிருந்து திரும்பப் பாடுவார்.

பீங்கானைப் போட்டவனுக்கு நாங்கள் பீங்கான்காரன் என்று பேர் வைத்திருந்தோம். குடிவெறியில் நின்றிருப்பான், நித்திரை கொண்டிருப்பான், முதலாளியோடு கோபமாக இருந்திருப்பான் என்று ஆளுக்கொரு கதை. அதிகமாகப் பகிடி விட்டது நான்தான். கோபமும் எனக்குத்தான் அதிகம். இருக்கிற நாளெல்லாம் விட்டுவிட்டு, இந்த மடையனுக்கு இந்த நிமிசம்தான் கிடைத்ததா?

2010 இலையுதிர் காலத்தில் சூரிச்சில் உள்ள சிறிய நிறுவனம் ஒன்று அந்த ரெக்கோட்டைப் புதிதாக வெளியிடப் போவதாக ரெனேவுக்கு எழுதியது. மூல ஒலிநாடா அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தது. எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கத்துக்கு ஜெர்மனில் கடிதம் எழுதினேன். என் மகள் யாதவி பிழை திருத்தித் தந்தாள். உடைந்த சரணத்தையும் பீங்கான் சத்தத்தையும் வெட்டி எறியுங்கள், இரண்டாம் தடவை பாடியதை அந்த இடத்தில் ஒட்டுங்கள், யாருக்கும் தெரியாது. ஒரு முட்டாளின் கைப்பிழையை எத்தனை காலத்துக்குக் கேட்பது? ஏழு பேரில் ஐந்து பேர் கையெழுத்து வைத்தார்கள். மற்ற இரண்டு பேரோடும் நான் சில மாதம் சரியாகக் கதைக்கவில்லை.

இனிக் கந்தப்போடி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்கு நேர்கீழே இரண்டாம் மாடியில் இருப்பவர். மட்டக்களப்புப் பக்கத்து ஆள், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை, மனைவிக்கும் அங்கேதான். 2009-இல் குடிவந்தார்கள். படியில் கண்டால் தலையை ஆட்டுவார், கதை குறைவு. ஒரு விசயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஓடெசாவின் கடைசிப் பாட்டைப் போட்டதும் கீழே அவருடைய கதவு சாத்தும் சத்தம் கேட்கும். யன்னலால் பார்த்தால், மழையோ பனியோ, கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கமாக நடந்துபோவார். வேறு எந்தப் பாட்டுக்கும் போவதில்லை.

ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. இரண்டு வருடம் பொறுத்தேன். 2011 தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கீழ்த்தளத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் அவரைப் பிடித்தேன். எங்கள் கட்டடத்தில் அந்த அறைக்கு வீட்டுக்கு வீடு முறை உண்டு. அன்று காலை அவருடைய முறை, மத்தியானத்திலிருந்து என்னுடையது. அவர் மெசினிலிருந்து வெள்ளை மேலங்கிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ர பாட்டுப் பிடிக்கேல்லை எண்டால் முகத்துக்கு நேர சொல்லுங்கோ. சத்தத்தைக் குறைக்கிறன். இப்பிடிக் கதவை அடிச்சுப்போட்டுப் போறது மரியாதை இல்லை."

அவர் மேலங்கியைக் கூடையில் வைத்தார். "பாட்டில ஒரு பிழையும் இல்ல தம்பி. அந்தப் பீங்கான் விழுற சத்தத்தைத்தான் கேக்க ஏலாது."

"அதை ஆருக்குத்தான் கேக்க ஏலும்? எந்த மடையன் போட்டானோ!"

"நான்தான் போட்டன்," என்றார்.

அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

"அந்த ஹோட்டல்ல கோப்பை கழுவுற வேலை எனக்கு. அண்டைக்குப் பின்னேரம் அம்மாட கடிதம் வந்தது. என்ட தம்பி சிவமணிய அதுக்கு முந்தின ஆடி மாசம் ஊர்ல ஆமிக்காரங்க பிடிச்சுக்கொண்டு போனவங்க. அவனோட போன ஒரு பொடியன் திரும்பி வந்து, சிவமணி இல்ல எண்டு சொன்னானாம். உடம்பும் இல்ல, ஒண்டும் இல்ல. கடிதத்த மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு வேலைக்குப் போனன். லீவு கேட்டா வேலை போயிரும் எண்டு பயம்."

அவர் அடுத்த மேலங்கியை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே விரித்துத் திரும்ப மடித்தார்.

"நாப்பது பீங்கான் கையில. பின்வாசலால மண்டபத்துக்குள்ள வந்தன். அந்த மனுசி பாடிக்கொண்டு நிண்டா. ஒரு சொல்லும் விளங்கல்ல. ஆனா செத்தவீட்டில எங்கட பொம்பிளையள் அழுத பிறகு ஒரு குரல் வருமே, அந்தக் குரல். அதுல நிண்டிட்டன். பிறகு கையில பீங்கான் இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு."

"பிறகு?"

"சனம் சிரிச்சுது. மனேச்சர் வந்து சேட்டில பிடிச்சு வெளிய இழுத்துக்கொண்டு போனான். அடுத்தநாள் முதல் ரெயினில மலையால இறக்கிட்டான். அதோட மறந்திருப்பன். இஞ்ச குடிவந்த மூணாங் கிழமை மேல இருந்து அதே குரல். பிறகு பீங்கான், பிறகு அந்தச் சிரிப்பு. அதையும் ரெக்கோட்டில போட்டு, இருவது வருசமா என்னை வச்சுச் சிரிக்கிறாங்க எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

அப்படி இல்லை அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னது அச்சொட்டான உண்மை. சைக்கிள் கடைக்கு மேலே மாதாமாதம் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

"அதுக்குப் பிறகு அவ அந்தச் சரணத்தைத் திரும்பப் பாடினவ. அதையாவது ஒருக்கால் வந்து கேளுங்கோ," என்றேன்.

"வேணாம் தம்பி. கெடுத்தது நான்தானே."

மனம் கேட்காமல் என் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மடையன் என்றும் முட்டாள் என்றும் எழுதியதை மட்டும் விழுங்கிக்கொண்டேன். அவர் முகம் தெளிந்தது. "நல்ல காரியம் செய்திருக்கிறீங்க. அந்தச் சத்தத்த எடுத்துவிட்டாப் பெரிய புண்ணியம்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். அந்த மனிதரின் நன்றியைப் போல என்னைச் சுட்ட வசவு ஒன்றும் இல்லை.

இரண்டு கிழமை நான் அந்த ரெக்கோட்டைத் தொடவில்லை. மூன்றாம் கிழமை தபாலில் ஒரு சீடீ வந்தது. நிறுவனம் மூல ஒலிநாடாவை ஒரு வெட்டும் இல்லாமல் பிரதி எடுத்து, வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள் என்று எங்கள் ஏழு பேருக்கும் அனுப்பியிருந்தது. காதில் ஹெட்போனைக் கொளுவிக்கொண்டு தனியே இருந்து கேட்டேன். பீங்கான் விழுந்தது. சிரிப்பு வந்தது. ரெக்கோட்டில் ஒலி அறுகிற இடத்தில், நாங்கள் ஒருநாளும் கேட்டிராத பத்து விநாடி இருந்தது.

காலில் செருப்புக்கூட இல்லாமல் கீழே ஓடினேன்.

கந்தப்போடி அண்ணை கதவைத் திறந்தார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அவர் தேவாரம் கேட்கும் சிறிய பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்த சீடீயை நானே எடுத்து மேசையில் வைத்துவிட்டு இதைப் போட்டேன். என்னவென்று விளங்கியதும் அவர் எழுந்து கதவடிக்குப் போய்க் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கட காலில விழுறன். ஒரு நிமிசம்."

பீங்கான் விழுந்தது. அவர் கண்ணை மூடினார். சிரிப்பு. அதற்குள்ளால் ஓடெசா பேசினார். பாட்டுக்குரல் இல்லை, அதட்டும் குரல். நான் நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னேன்.

"சிரிக்கவேண்டாம் எண்டு சொல்லுறா. அந்தப் பெடியன் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிண்டவன், நான் பார்த்தனான். இண்டைக்கு இந்த மண்டபத்தில கேட்டது அவன் ஒருத்தன்தான். அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவனுக்குத் திரும்பப் பாடுறன் எண்டு சொல்லுறா."

கைபிடியிலிருந்து அவருடைய கை கீழே வந்தது. "என்னக் கண்டவவாமோ?"

"ஓம் அண்ணை. கண்டவ."

"அண்டைக்கு அங்க என்னை ஆரும் காணல்ல எண்டெல்லோ நினைச்சன்."

அந்தப் பத்து விநாடியை அவர் மூன்றுமுறை போடச் சொன்னார். பிறகு பாட்டை விட்டேன். கேட்க வேண்டியவன் வெளியே பனியில் நின்றது தெரியாமல் அவனுக்காக அவர் பாடிய சரணம், இருபது வருடம் கழித்து ஒரு குசினியில் அவனிடம் வந்து சேர்ந்தது. கந்தப்போடி அண்ணை கதிரையில் இருந்து, முகத்தைப் பொத்தாமல், சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். இந்தச் சரணத்துக்கு இத்தனை வருடம் அழுதவன் நான், ஆனால் அன்றுதான் அதை முழுதாகக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கழகத்தில் ரெக்கோட் ஏதும் போடுமுன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நான் தோற்றுப்போவதைப் பார்க்க ஆசைப்பட்ட அந்த இரண்டு பேரும்தான் புதுக் கடிதத்துக்குக் கடதாசி எடுத்துத் தந்தார்கள். ரெனே, "நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோமே," என்று பிரெஞ்சில் தனக்குத்தானே சொன்னார். புதுக் கடிதத்தில் ஏழு கையெழுத்தும் இருந்தது. எதையும் வெட்டவேண்டாம், ஓடெசா பேசியதையும் சேர்த்துப் போடுங்கள் என்று, பீங்கான்காரரின் கதையோடு எழுதினோம்.

நிறுவனம் சம்மதித்தது. கூடவே ஒன்று கேட்டது. உறையின் பின்பக்கம் வாத்தியக்காரர்களின் பெயர்கள் வரும். அவற்றின் கீழே பீங்கான்காரரின் பெயரையும் போட விரும்புகிறோம், அவர் ஒப்புக்கொள்வாரா? நான் போய்க் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். ஒரு நாள் தவணை கேட்டார். அடுத்தநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் என் கதவைத் தட்டி ஒரு துண்டுக் கடதாசியைத் தந்துவிட்டுப் போனார். பெரிய ஆங்கில எழுத்தில், அழுத்தி எழுதியிருந்தார். அது அவருடைய பெயர் இல்லை.

புரட்டாதியில் ரெக்கோட் வந்தது. என் பிரதியைக்கூடப் பிரிக்காமல் அவருடையதைக் கொண்டு கீழே போனேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கம் திருப்பி, ஓர்கன், கிற்றார், மேளம் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கீழே இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது.

பீங்கான்கள்: க. சிவமணி.

"எத்தின அடிச்சிருக்காங்க தம்பி?"

"ஆயிரம் அண்ணை."

"ஆயிரம் வீட்டில இருக்குமோ இந்தப் பேர்?"

"ஓம். அதுவும், இந்தப் பாட்டுப் பைத்தியக்காரர் ஒருநாளும் ரெக்கோட்டை எறியமாட்டினம்."

அவர் தலையை ஆட்டினார். விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"ஊர்ல என்ட தம்பிக்கு ஒரு கல்லுக்கூட இல்ல," என்றார்.