எஸ்கிமோக்களைப் பற்றிய முழு உண்மை

புதுவைப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், எஸ்கிமோக்களைப் பற்றிய முழு உண்மையும் 1957 மார்ச் பதினேழு, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசகசாலைக் கூடத்தில் வெளியிடப்படும்.

வெளியிட வந்தவர் கலியமூர்த்தி. பிரெஞ்சுக் கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளர். துருவம் போய்வந்த ஒரு பழைய பிரெஞ்சுக்காரரின் பயண நூலைப் பதினோரு வருஷமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் மெச்சினால் வாசகசாலை அதை அச்சுப்போடும். அதற்காகவே வேட்டிமேல் கோட்டு.

"எஸ்கிமோக்கள் கிழத்தாயைப் பனியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள்" என்று வாசித்தார். கூடம் உச்சுக்கொட்டியது.

கடைசி பெஞ்சிலிருந்து பிள்ளைச்சாவடி மீனவன் ராஜாங்கம் எழுந்தான்.

"அவரு அங்க எத்தினி நாளு இருந்தாருங்க ஐயா?"

"ஒன்பது நாள்."

"அவுங்க பாஷ தெரியுமா?"

"சைகைதான்."

"பத்தாம் நாளு மவன் வந்து தூக்கிக்கினு போயிருந்தா?"

கூடம் சிரித்தது. பதினோரு வருஷ உழைப்பு சிரிப்பாய்ச் சிரித்ததில் கலியமூர்த்திக்குக் காது சிவந்தது. "கண்ணால் கண்டதைத்தான் அவர் எழுதுவார். உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார், கேள்" என்று, தலைப்பைத் தவிர இன்னும் தொடாத கடைசி அத்தியாயத்தைப் பிரெஞ்சு நூலில் பிரித்தார். கோர்ட்டுப் பழக்கம்: முன்கூட்டிப் படிப்பதில்லை, ஒரு சொல்லையும் விடுவதில்லை.

"பிள்ளைச்சாவடியார் வயதான தாயைக் கழுத்துவரை மணலில் புதைத்து, சாகவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள்…"

ராஜாங்கத்தின் முதல் குத்து அவர் வாயில் விழுந்தது. இரண்டு பல் புத்தகத்தின்மேல் உதிர்ந்தன.

"யோவ், அது கால் முடக்கத்துக்குச் சுடுமணலு வைத்தியம்யா. போன மாசம் எங்கம்மாவ நாந்தான் பொதச்சேன். நாந்தான் தோண்டித் தூக்கியாந்தேன்."

ஒவ்வொரு 'நாந்தா'னுக்கும் விலாவில் ஓர் உதை. விலக்க வந்த கூட்டத் தலைவர் பலராமனின் மண்டை அவருடைய நாற்காலியாலேயே பிளந்தது. மாலைபோட்ட கழுத்தோடு சுவரில் சாய்ந்தார், சாமந்தி சிவப்பாயிற்று.

எடுத்த வாக்குமூலத்தைப் பாதியில் விட்டுக் கலியமூர்த்திக்குப் பழக்கமில்லை. தரையில் கிடந்தபடி ரத்தத்தைத் துப்பிவிட்டு மிச்சத்தையும் மொழிபெயர்த்தார்: "ஆனால், இவர்கள் பரம சாதுக்கள். கை ஓங்கவே அறியாதவர்கள்."

ராஜாங்கம் உடைந்த நாற்காலிக் காலால் அவருடைய வலது முழங்கையை முறித்தான்.

நான்காம் நாள், ஆஸ்பத்திரியில், கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்திலிருந்த 'கண்ணால் கண்ட உண்மைகள்' என்ற வரியை இடது கையால் அடித்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாக எல்லாவற்றையும் அடித்தார். பதினோரு வருஷத்தில் எஸ்கிமோக்களைப் பற்றி அவர் தெரிந்துகொண்டது எதுவுமில்லை.