தொட்டிமேல் பூசிய வெயில்

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் பேராசிரியர். அனுமதி கேட்பது போலத்தான் கேட்டார். அதற்குள் ஓவிய டீச்சரின் கையிலிருந்த தூரிகை அவர் கைக்குப் போயிருந்தது.

"சார், மூலை ஒண்ணு பாக்கி இருக்கு. நானே முடிச்சுடறேன்."

"அதுக்குத்தானேம்மா நான் வந்திருக்கேன்."

பல்கலைக்கழக ஓவியத் துறையில் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி அது. நான்கு வாரம், பன்னிரண்டு பேர், ஜன்னல் திறக்க வராத ஒரு நீளக் கூடம். வண்ணம் கரைக்கிற டர்பென்டைன் நெடி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாப்பிடுகிற சோற்றிலும் அதுவே ருசித்தது. முதல் வாரம் பேராசிரியர் பேசினார். இரண்டாம் வாரம் ஆளுக்கொரு எண்ணெய் வண்ணப் படம் வரைந்தார்கள். மூன்றாம் வாரம் சுற்றுலா. துறைப் பேருந்தில் மூன்று மணி நேரம் குலுங்கிப் போய் ஒரு கலைக்கூடத்தில் இறங்கி, பேராசிரியர் வரைந்த ஒரே ஒரு படத்தின் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். மற்ற படங்களைக் கழிவறைக்குப் போகிற வழியில் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நான்காம் வாரம். நாளை கண்காட்சி, துறைத் தலைவர் வருகிறார். காலையிலிருந்து பேராசிரியர் ஒவ்வொரு படமாகத் திருத்திக்கொண்டு வந்தார்.

ஓவிய டீச்சர் வரைந்திருந்தது அவளுடைய பள்ளி ஓவிய அறையின் சிமென்ட் தொட்டி. இருபத்து மூன்று வருஷமாகப் பிள்ளைகள் தூரிகை கழுவிக் கழுவி, அடுக்கடுக்காக நிறம் படிந்த தொட்டி. சொட்டுகிற குழாய்க்குக் கட்டிய கந்தல், அதன் கீழே பாசி, ஓரத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன ஊதா. வாழ்நாளில் தனக்கென்று அவள் வரைந்த முதல் படம்.

"இந்த அழுக்கெல்லாம் எதுக்கும்மா? வீட்டுல பாக்கறது போதாதா? இங்க கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்."

வெளிச்சம் வந்தது. கட்டிமஞ்சளில் ஒரு பட்டை, தொட்டியின் தலையிலிருந்து கால்வரை சாய்வாக. பாசி மறைந்தது, கந்தல் மறைந்தது. ஊதா இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பூ முளைத்தது.

"இப்ப பாருங்க! உயிர் வந்துடுச்சு."

தூரிகையை அவள் மடியிலேயே போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். புடவையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்க இழுவிக்கொண்டு போயிற்று. தூரிகையின் பிடியில் அவருடைய கை வியர்வை இன்னும் பிசுபிசுத்தது. அதைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பக்கத்து ஸ்டூலில் கணக்கு டீச்சர். அவளுடைய பள்ளியில் ஓவியத்துக்கு ஆளே இல்லை என்று இவளைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, பன்னெண்டு படத்துக்கும் மஞ்சள் காமாலை. என் படத்துல ராத்திரி நேரம் அக்கா, அதுலயும் வெயில் அடிக்கறாரு மனுஷன்."

"உனக்குச் சிரிப்பு வருது."

"எனக்கென்ன, நான் வரைஞ்சதைவிட இது தேவலை. நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போய் உக்காந்திருக்கீங்க?"

"குமட்டுதுடி."

"அப்ப எழுந்து போய்ச் சொல்லுங்க."

"சான்றிதழ்ல கையெழுத்து போடறது யாரு? அவர்தானே. அது இல்லாம போனா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஓவிய அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துடுவாங்க. என்னை லைப்ரரியில உக்காந்து புத்தகத்துக்கு அட்டை போடச் சொல்லிடுவாங்க."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க. ஏன்கா, நீங்க மட்டும் பிள்ளைங்க படத்துல கையே வச்சதில்லையா?"

சும்மா கேட்டதுதான். ஆனால் ஓவிய டீச்சருக்குச் சுருக்கென்றது. போட்டிக்கு அனுப்புகிற படங்களில் அவள் வைக்காத கையா? ஒரு சின்னப் பெண் வரைந்த நாயின் வாலை நிமிர்த்தி, காதைக் கூராக்கி அனுப்பியதற்கு முதல் பரிசு வந்தது. மேடைக்கு வா என்றால் அந்தப் பெண் வரவில்லை. "அது உங்க நாய் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். திமிர் என்று அன்றைக்கு அவளைத் திட்டியதும் நினைவிருந்தது. இப்போது தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"என்ன, முடிஞ்சுதா? இங்க ஒரு மாசமா என் சமையலை நானே தின்னுட்டிருக்கேன்."

"நாளைக்கு முடியுது."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சான்றிதழ் தருவாங்கல்ல?"

"தருவாங்க. நான் பேசாம இருந்தா."

"அப்ப பேசாம இரு. அதுதான் உனக்கு வராதே" என்று சிரித்தார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கூடத்தின் சுவரில் பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டு மஞ்சள் பட்டைகள். துறைத் தலைவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். "நாலே வாரத்துல இந்த முன்னேற்றமா? எல்லாருக்கும் ஒரே மாதிரி கை வந்திருக்கே!"

"பழக்கிட்டேன் சார்" என்றார் பேராசிரியர் அடக்கமாக. "அம்மா, எல்லாரும் படத்துல கையெழுத்து போடுங்க. போட்டவங்களுக்கு உடனே சான்றிதழ்."

ஓவிய டீச்சர் தூரிகையைக் கறுப்பில் தோய்த்தாள். படத்தின் கீழ் மூலையில் பேராசிரியரின் பெயரை எழுதினாள், பட்டத்தோடு முழுசாக. கணக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியர் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா சார்? முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு மரியாதை யாரும் பண்ணினதில்லை."

"மரியாதை இல்லைங்க சார். நீங்க வரைஞ்சீங்க, அதனால உங்க பேரு."

"தன்னடக்கத்தைப் பாருங்க!" என்று துறைத் தலைவர் கை தட்டினார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வரிசையில் இரண்டு பேர் தூரிகையை எடுத்துத் தங்கள் படங்களிலும் பேராசிரியர் பெயரையே எழுதத் தொடங்கினார்கள். அவர் தோளை நிமிர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அடித்தாலும் மாலை என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறவனை என்ன செய்வது?

ஓவிய டீச்சர் தன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேஜைமேல் கிடத்தினாள். ஒரு கந்தலை டர்பென்டைனில் லேசாக நனைத்துப் பிழிந்தாள். அவர் பூசியது நேற்று, இன்னும் ஈரம். அவள் பூசியதற்கு இரண்டு வாரம் ஆகிறது, தொட்டால் கையில் ஒட்டாது. மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. மஞ்சள் கொழகொழவென்று கந்தலில் திரண்டு வந்தது.

"என்ன மேடம் பண்றீங்க?" என்றார் துறைத் தலைவர்.

"தொட்டியைக் கழுவறேன் சார்."

ஒருவரும் கை தட்டவில்லை. பூ போயிற்று. பெயர் போயிற்று. பாசி தெரிந்தது, குழாயின் கந்தல் தெரிந்தது. ஊதா மட்டும் பாதி கரைந்து கந்தலோடு வந்துவிட்டது. அப்போதுதான் பேராசிரியரின் முகம் சுண்டியது. மேஜையிலிருந்த சான்றிதழ்க் கட்டிலிருந்து அவளுடையதை உருவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களோடது தபால்ல வரும்மா."

"வராதுன்னு எனக்கும் தெரியும் சார், உங்களுக்கும் தெரியும்" என்றவள் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தம்வரை கணக்கு டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமை உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடி வெறுங்கையோட போய் நிக்கப் போறீங்க."

"இதைத்தான் எடுத்துட்டுப் போறேனே."

"'என்ன டீச்சர் இது, நம்ம அழுக்குத் தொட்டி'ன்னு கேப்பாங்க."

"நம்ம தொட்டின்னு தெரிஞ்சா சரி" என்றாள் ஓவிய டீச்சர். "அறையைப் பிடுங்கறவங்க அதைப் பாத்துட்டுப் பிடுங்கட்டும்."