பெடலுக்கு ஒரு கால்

ஒன்பதாவது வீட்டுக் கேனையும் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது, மிதித்த கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. எடெல்மிரா பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பிக்அப்பின் அடியில் புகுந்தாள். கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் உறையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மணி ஏழரை. பால் நிலையம் ஒன்பது மணிவரைதான் வாங்கும். அங்கே போக இருபது நிமிடம் ஆகும். பின்னால் இருந்தது ஒன்பது வீட்டின் ஒருநாள் கறவை.

உள்ளே கசிவை அடைக்கும் மாற்று ரப்பர் கப் ஒன்று கைவசம் இருந்தது. சிலிண்டரைக் கழற்றி, துடைத்து, கப்பை மாட்டித் திரும்பப் பூட்ட முக்கால் மணி ஆயிற்று. இனி குழாயிலிருந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூடி, "விடு" என்று குரல் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் மிதிப்பது கணவன் ஹெர்மோஹெனெஸ். அவன் லிமாவுக்கு வேலை தேடிப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

சந்தைக்குப் போகும் வேன் வந்தது. ஓட்டுநர் வில்மெர் வேகத்தை மட்டும் குறைத்தான்.

"என்னக்கா, வண்டிக் கிழவன் மறுபடி படுத்துட்டானா?"

"பத்து நிமிசம் பெடலை மிதிச்சுக் குடுப்பா. பாலு நிக்குது."

"பத்து நிமிசமா? பதினெட்டு பேரு இருக்காங்கக்கா. என்னை மிதிச்சிருவாங்க."

பின்சன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "உம் புருசன் லிமாவுல யாரு வண்டிய மிதிச்சுக்கிட்டிருக்கானோ! அவனக் கூப்பிடுடி!"

வேன் முழுக்கச் சிரித்தது. எடெல்மிராவும் சிரித்தாள். வேன் வளைவில் மறையும்வரை அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு யூகலிப்டஸ் கிளையை வெட்டினாள். பெடலை மிதித்து, கிளையை இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தாள். கீழே புகுந்து திருகைத் திறந்தாள். நுரையாக எண்ணெய் வந்தது. மூடினாள். வெளியே வந்து, கிளையை எடுத்து, பெடலைக் கையால் தூக்கிவிட்டாள். எண்ணெய் ஊற்றினாள். மறுபடி மிதித்தாள். ஆறாவது முறை, கீழே படுத்தபடி, "விடு" என்றாள். பிறகு தானே வெளியே வந்து கிளையை எடுத்தாள்.

பதினோராவது முறை நுரை இல்லை.

நிலையத்துக்குள் நுழையும்போது ஒன்பது பன்னிரண்டு. டேங்கர் லாரி இன்னும் குழாய் மாட்டியபடியே நின்றது. அதன் படியில் உட்கார்ந்து ஓட்டுநர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்ட பையன் பதிவேட்டை மூடி வைத்திருந்தான். எல்லோரும் அவனை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒன்பதுன்னா ஒன்பதும்மா."

"வண்டி நின்னுபோச்சு, இன்ஜினியரே. பாலு புளிக்கல. மோந்து பாருங்க."

"மோந்து பாத்தா வாங்கணும்ல."

"டேங்கர் நிக்குதே."

"அது கம்பெனியோட லேட்டு. இது உங்க லேட்டு."

வந்த வழியே திரும்பினாள். ஒன்பதாவது வீட்டு வாசலில், தினமும் போலக் காலி கேனை வாங்க அசுந்தா நின்றிருந்தாள். எடெல்மிரா கேனை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். ஒற்றைக் கையை நீட்டிய அசுந்தாவின் தோள் சரிந்தது. மூடி விலகிக் கொஞ்சம் பால் அவள் பாவாடையில் சிந்தியது. கேனைப் பார்த்தாள், எடெல்மிராவைப் பார்த்தாள், இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

எடெல்மிரா பெடலை மிதித்தாள். சீராக இறங்கி, முழுதாக மேலே வந்தது. இன்னும் எட்டு வீடு.