குகை வாசலில் ஒரு பொங்கல்

நான் செத்துப்போய் மூன்று வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. கொழும்பிலிருந்து தோணியில் வந்து இறங்கி, தூத்துக்குடியில் எங்கள் கருப்பட்டிக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தபோது, முற்றத்தில் மதினி சண்முகத்தாய் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு கையிலிருந்து நழுவி உளுந்தெல்லாம் சிதறியது. அவள் போட்ட சத்தத்தில் கடையிலிருந்து அண்ணன் மந்திரமூர்த்தி ஓடிவந்தார். "ஏலே வீரபாகு" என்று கூப்பிட்டாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் தரையில் பாவுகிறதா என்றுதான் பார்த்தார். பாவியது என்று தெரிந்த பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதார்.

என் பெஞ்சாதி அருணாசலவடிவு அடுக்களையிலிருந்து வந்தாள். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. ஊசியில் நூல் கோக்கிற நேரம் என்னைப் பார்த்தாள். அழவில்லை. திரும்பி அரங்குவீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வீட்டின் நடுவில் ஜன்னலே இல்லாத அறை அது. புளிப்பானையும் நெல்மூட்டையும் கிடக்கிற இடம்.

அது திங்கட்கிழமை. கப்பல் மூழ்கிவிட்டது, ஒரு உயிர்கூடத் தப்பவில்லை என்று நாற்பத்திரண்டில் கம்பெனியிலிருந்து காகிதம் வந்ததாம். எனக்குப் பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முறையாக நடந்திருக்கிறது. செத்தவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அண்ணாச்சி ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். அறுத்த தாலியை அவனே மறுபடியும் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை தயார். பெண்தான் வெளியே வரவில்லை.

நான் கடைப்பக்கம் போனால் அவள் வெளியே வருவாள், தண்ணீர் இறைப்பாள், அடுக்களை வேலை பார்ப்பாள். என் செருமல் கேட்டால் உள்ளே போய்விடுவாள். பேய் என்று பயப்படுகிறாள் என்றார் அண்ணாச்சி. மதினி வேறு காரணம் சொன்னாள்.

"வெள்ளச் சேலையோட ஒங்க முன்னால நிக்கக் கூசுதா தம்பி. ஒரு வருசம் இந்த அரங்குவீட்டு மூலையிலதான உக்கார வச்சிருந்தோம். வந்த நாலாம் வருசமே புருசன முழுங்கிட்டாளேன்னு நானும் ஏசிருக்கேன். திருப்பி ஒரு வார்த்த சொன்னாங்கியளா? ம்ஹும்."

கூச்சம் என்பது எனக்கு வசதியான காரணமாக இருந்தது. நம்பிவிட்டேன்.

இதற்கிடையில் செத்தவனைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. எல்லோருக்கும் அணுகுண்டைப் பற்றிக் கேட்க வேண்டும். நான் குண்டைப் பார்க்கவில்லை. நான் கப்பல் சமையல்காரன். சுமத்திரா பக்கம் ஜப்பான்காரர்கள் கப்பலை மூழ்கடித்து எங்களை அள்ளிக்கொண்டு போய், ஜப்பானில் ஒரு மலைச் சுரங்கத்தில் தள்ளினார்கள். அங்கேயும் சமையல்தான், மூன்று வருஷம், முள்ளங்கியும் சோளமும் கலந்த கஞ்சி. இதைச் சொன்னால் வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால் நான் போய்ப் பார்த்த ஒரு ஊரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அது நன்றாக எடுபட்டது. புதன்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அரங்குவீட்டுக் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதே கதையை வடிவுக்கும் சொன்னேன். சிரித்தாளானால் கதவு திறக்கும் என்று ஒரு கணக்கு.

"ஏளா வடிவு, கேளு. சண்ட முடிஞ்சிட்டுன்னாவ, காவக்காரனெல்லாம் ஓடிட்டான். எங்கள ஏத்த கப்பல் வர ஒரு மாசம் ஆவும். வெள்ளக்காரன் ஆகாசத்துலருந்து டின்னு டின்னா சாப்பாடு போடுதான். சுரங்கத்துல அரிசி அளக்க ஒருத்தன் உண்டும், கோத்தோன்னு பேரு. அவன் வந்து, எங்கம்ம பசியில கெடக்கா, ரெண்டு டின்னு தாயேன், எங்க ஊரக் காட்டுதேன்னான்."

தக்கச்சிஹோ என்பது அந்த ஊரின் பெயர். அரை நாள் நடை. மலையில் படிப்படியாக வயல்கள், கதிர் வாங்குகிற பருவம். ஒவ்வொரு வரப்பிலும் ரத்தச் சிவப்பாகப் பூ. ஊருக்குக் கீழே பூமியை வெட்டுக்கத்தியால் பிளந்த மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், பனைமரங்களை நெருக்கி நட்டுக் கல்லாக்கிவிட்ட மாதிரி வரி வரியாக நிற்கிறது. அடியில் பச்சைத் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. நடுவழியில் ஒரு அருவி மேலிருந்து நேராக அந்தத் தண்ணீரில் விழுகிறது. மூன்று வருஷம் புகையும் சுரங்கத் தூசியும் தின்ற கண்ணுக்கு அது தாங்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். கோத்தோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பிறகு வேறொரு ஆற்றோரமாக ஒரு குகைக்குக் கூட்டிப்போனான். நம் கோயில் மண்டபம் அளவுக்குப் பெரிய வாய், உள்ளே சின்னதாக ஒரு மரக் கோயில். இங்கே என்ன சாமி என்று கேட்டேன். சூரியன் என்றான். எங்கள் சூரியன் பொம்பளை என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உயிரோடு வெளியே வந்தால் பொங்கலிடுகிறேன் என்று எங்கள் இசக்கியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். இங்கே சூரியனே அம்மனாக உட்கார்ந்திருக்கிறாள். சூரியனுக்குப் பொங்கலிட எவனிடம் கேட்க வேண்டும்? என் சாக்கில் அரிசி இருந்தது, ஆகாசத்திலிருந்து விழுந்த சீனியும் உலர்ந்த திராட்சையும் இருந்தன. அலுமினியப் பானையும் இருந்தது. குகை முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாகக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். பொங்கலிட வருகிறவர்களுக்கு அடுப்புக்கல் எடுத்துக்கொடுக்கிற ஏற்பாடு என்று நினைத்து, நல்லதாக மூன்றைப் பிடுங்கி அடுப்புக் கூட்டித் தீ மூட்டினேன்.

கோத்தோ தலையில் கை வைத்துக்கொண்டான். ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொருத்தர் வேண்டுதலாம். சண்டைக்குப் போன மகன் திரும்ப வேண்டும், புருஷன் திரும்ப வேண்டும் என்று வைத்தவை. ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் ஈரக் கையோடு ஓடிவந்து கத்தினார்கள். அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். அதற்குள் பானை பொங்கிவிட்டது.

"பொங்கிட்டுன்னா கொலவ போடணுமில்லா? பொம்பளயாளு ஒருத்தியும் போட மாட்டா, அவளுவளுக்குத் தெரியவும் செய்யாது. நானே போட்டேன் வடிவு. நாக்கச் சுழட்டி, லுலுலுலுன்னு, கழுத மூக்கடைச்சுக் கத்துன மாதிரி. அவளுவ பாத்தாளுவ பாரு ஒரு பார்வ. பெறவு ஒருத்தி சிரிச்சா. மூணு பேரும் சிரிச்சாளுவ. கோத்தோவ மூணு வருசத்துல பல்லக் காட்டி நான் பாத்ததில்ல, அவன் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன்தான் சொன்னான். இந்த இடத்தின் கதையே இதுதானாம். சூரிய அம்மன் ஒரு நாள் குகைக்குள் போய்க் கல்லால் வாயை அடைத்துக்கொண்டாள். உலகமெல்லாம் ஒரே இருட்டு. மற்ற சாமிகள் ஆற்றங்கரையில் கூடி யோசித்து, ஒருத்தியை ஆடவிட்டார்கள். அவள் போட்ட ஆட்டத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, நான் இல்லாமல் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று அம்மன் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி எட்டிப் பார்த்தாளாம். உலகத்துக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

கதையை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு வெகு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"அந்தம்மா எதுக்குப் போயி ஒளிஞ்சா?"

கோத்தோ சொல்லத்தான் செய்தான். தம்பி என்றான், எழுந்து போய் வரப்பை மிதித்து உடைப்பதுபோல் குதிகாலால் மண்ணைக் குத்திக் காட்டினான். நான் பானை அடிபிடித்துவிடுமோ என்று கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அது சரியாக் கேக்கலளா."

"கேக்க மாட்டிய" என்றாள்.

கதையைக் கேட்ட அத்தனை பேரும் அம்மன் எப்படி வெளியே வந்தாள் என்றுதான் வாயைப் பிளந்தார்கள். ஏன் உள்ளே போனாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எழுந்து நேராகத் திரேஸ்புரம் போனேன். கப்பலில் என்னோடு இருந்த மாடக்கண்ணு அங்கே தோணிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வடிவுகிட்ட ஏதும் சொன்னியால?"

"சொன்னேன். நீ அவளுக்கு என்ன கடுதாசி போட்டன்னு எனக்கெப்படித் தெரியும்? கம்பெனிக்காரன் என்னய மட்டும் விட்டுட்டு அவுகள ஏன் விடலன்னு வந்து கேட்டா. விடாம என்ன, அவன் தானாத்தான் மறுபடி கையெழுத்துப் போட்டான்னு சொன்னேன். சொன்னது நீ செத்த காயிதம் வாரதுக்கு முந்தியே, மாசி மாசம்."

"பெறவு?"

"பெறவென்ன. இத வேற யார்கிட்டயும் சொல்லிராதிய அண்ணாச்சின்னா. நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

கப்பல் மூழ்குவதற்கு முந்தி, கொழும்பில் நாங்கள் இருவரும்தான் இறங்கினோம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நல்ல காற்றடித்தால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும், வீடு. மாடக்கண்ணு தோணி ஏறினான். நான் நாலு நாள் துறைமுகத்தில் சுற்றினேன். திரும்பிப் போனால் அண்ணாச்சி கடையில் அவர் நிழலில் உட்கார்ந்து கருப்பட்டிச் சிப்பம் கட்ட வேண்டும். கப்பலில் நான் பெரிய சமையல்காரன், கீழே இரண்டு பேர் வேலை செய்தார்கள். யுத்த காலம், கம்பெனிக்காரன் விடமாட்டேன் என்கிறான் என்று வடிவுக்கு எழுதிப் போட்டுவிட்டு மறுபடி ஏறிவிட்டேன். அவள் அதைத் தெரிந்துகொண்டே மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷனை முழுங்கினவள் என்று மதினி ஏசியபோது, அவன்தான் என்னை வேண்டாமென்று போனான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என் மானத்தை அந்த இருட்டில் புளிப்பானையோடு பானையாக வைத்துக் காத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை காலையில் அண்ணாச்சி பொறுமை இழந்துவிட்டார். "ஆசாரியக் கூட்டியாந்து கதவக் கழத்திருவோம். நாளைக்கு முகூர்த்தம்லா" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் நேந்துகிட்ட பொங்கல் ஒண்ணு பாக்கி இருக்கு. இங்கன வைக்கப் போறேன். நீங்களும் மதினியும் கொஞ்சம் நில்லுங்க."

முற்றத்தில் மூன்று கல் வைத்தேன். நேரே பட்டாசல் கூடம், அதற்கு நேரே அரங்குவீட்டுக் கதவு. புதுப்பானை, பச்சரிசி, கடையிலிருந்து கருப்பட்டி. உலை கொதிக்க ஆரம்பித்ததும் கதவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரன் என்னயப் பிடிச்சு வைக்கல. கொழும்புல நாலு நாள் சும்மாதான் இருந்தேன். வீட்டுக்கு வர மனசில்லாம நானாத்தான் மறுபடி கையெழுத்துப் போட்டேன். வடிவுக்குப் பொய்க் கடுதாசி எழுதுனேன். அவளுக்கு அது அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் நீங்க பேசுன பேச்சையெல்லாம் வாங்கிக்கிட்டுக் கெடந்திருக்கா."

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. "ஏம்ல? இங்கன ஒனக்கு என்ன கொற?"

"ஒங்க கடையில உக்காரப் பிடிக்கல அண்ணாச்சி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மதினி தூணைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் கண் கதவின் மேல் இருந்தது.

"கேட்டியே வடிவு, அந்தம்மாளோட கூடப்பொறந்தவன் அவ வயலயெல்லாம் மிதிச்சு ஒடச்சிருக்கான். அதான் உள்ள போயிருக்கா" என்றேன்.

பானை பொங்கிற்று. நுரை நாலு பக்கமும் வழிந்து தீயில் விழுந்து சீறியது. மதினி குலவையிட வாயைக் குவித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தமே இல்லாமல் ஒரு பொங்கல் பொங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானே குலவை போடலாமா என்று நினைத்தேன். சிரிப்புக் காட்டி வெளியே அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

"விறக இழுங்க, அடி தீயுது" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

இழுத்தேன். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது, அதற்கு மேல் திறக்கவில்லை. முற்றத்து வெயில் பட்டாசலைத் தாண்டி அந்த இடுக்கு வழியாக உள்ளே போய் ஒரு நெல்மூட்டையின் மேல் விழுந்தது. அவள் முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. கையில் என் வெண்கலக் கும்பா, நான் சாப்பிடுகிற கும்பா. பதினாறாம் நாள் அதைத் தானம் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு அதில் இருந்தது.

பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு கதவருகே போனேன். எனக்குக் கொடுக்கக் கேட்கிறாளா, அவள் சாப்பிடக் கேட்கிறாளா என்று கேட்கப் பயமாக இருந்தது. அகப்பையால் கோரி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆவி பறந்தது. வெண்கலம் இதற்குள் சுட்டிருக்க வேண்டும். வளையல் இல்லாத அந்தக் கை கும்பாவைப் பிடித்தபடி வெயிலில் அப்படியே இருந்தது.