தோள் அறியாமல் எழுந்த கை

அக்கா நகரப் பேருந்து ஓட்டியவள். இருபத்திரண்டு வருடம். ஒரு நாள் கடைசி நடையை முடித்து, வண்டியை டிப்போவில் நிறுத்திவிட்டுப் படியில் இறங்கும்போது இடது பக்கம் இழுத்து விழுந்தாள். பக்கவாதம். நாக்குக் குழறல் தெளிந்த அன்றே, "எல்லாரையும் பத்திரமா இறக்கிவிட்டுட்டுத்தான் விழுந்தேன்" என்று நர்ஸிடம் பெருமையடித்தாள்.

வாய் பிழைத்தது. கால் ஒருவழியாக நடந்தது. இடது கைதான் தொங்கிவிட்டது. கிள்ளினாலும் அதில் உணர்ச்சி இல்லை. அதைவிட விநோதம், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பாள். தங்கை தட்டைத் திருப்பி வைப்பாள்.

தங்கைக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. இருவருக்கும் வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. தினமும் ஒரு சண்டையாவது இல்லாமல் பொழுது போகாது.

ஆஸ்பத்திரியில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அதன் முன் கையைத் தூக்கினால், உள்ளே இருக்கும் செயற்கை நுண்ணறிவு தோள், முழங்கை, மணிக்கட்டு என்று புள்ளி வைத்துக் கோடு போட்டு, கை எத்தனை டிகிரி எழுந்தது என்று காட்டும். ஆளின் படம் எதையும் சேமிக்காது. புள்ளியும் கோடும் மட்டும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குப் போகும்.

முதல் வாரம் முழுக்க எண் நாலைத் தாண்டவில்லை.

"குச்சிப் பொம்மைக்கும் பக்கவாதம் வந்துடுச்சுடி" என்று திரையில் தெரிந்த கோட்டு உருவத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அக்கா சிரிக்காமல் இருந்தாள்.

ஒரு நாள் நாற்காலிக்குப் பின்னால் நழுவிய தலையணையைச் சரிசெய்யக் குனிந்த தங்கையின் தோள் அக்காவின் முழங்கையில் இடித்தது. கை மேலே எழும்பி விழுந்தது. திரையில் முப்பத்தொன்று.

"ஏய்! பாத்தியா? முப்பத்தொண்ணுடி!"

இடித்தது நான் என்று சொல்லத் தங்கை வாயைத் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஆறு வாரமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம். திறந்த வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் கூப்பிடாமலேயே அக்கா வந்து உட்கார்ந்தாள். நாலு. மறுபடியும் நாலு. "நேத்து வந்துச்சேடி" என்றாள். தங்கை நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, முழங்கையின் அடியில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தூக்கினாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்குக் கை இருந்தது. மூன்று வாரத்தில் நாற்பத்தைந்தாகி, அறுபதானது. நம்பிக்கை வந்தால் கையும் தானாக வரும், அப்போது விரலை எடுத்துவிடலாம் என்று தங்கை நினைத்தாள். எடுக்கத்தான் ஒரு நாளும் மனம் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் வேலை குவிந்து அவள் வரத் தாமதமானது. எதிர் வீட்டுக்காரி டேப்லெட்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள். தங்கை வந்தபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஒன்பது. எல்லாம் இறங்கிப்போச்சுடி."

"களைப்பா இருந்திருப்பே, விடு" என்றாள் தங்கை. மறுநாள் அறுபதாக்கிக் கொடுத்தாள்.

அந்தத் தெம்பில் அக்கா டிப்போவுக்கு போன் செய்தாள். "அடுத்த மாசம் மெடிக்கல் டெஸ்டுக்கு வர்றேன். என் சீட்டுல வேற யாரையும் நிரந்தரமா உக்கார வைக்காதீங்க!"

அன்று தங்கை இரண்டு சட்டைகளைத் தீய்த்துவிட்டாள். இன்று சொல்லியே தீர வேண்டும் என்று கிளம்பும்போது, இருவரையும் வரச்சொல்லி பிசியோ அழைத்தாள்.

அக்காவை அடுத்த அறையில் மிதிவண்டிப் பயிற்சியில் உட்கார வைத்துவிட்டு, பிசியோ தங்கையிடம் திரையைத் திருப்பினாள்.

"மெதுவா ஓட்டறேன், பாருங்க. நாம கையைத் தூக்கினா முதல்ல தோள் அசையும். இதுல தோள் சும்மா இருக்கு, முழங்கை தனியா எழும்புது. தினமும் இப்படித்தான்னு புரோகிராம் குறிச்சு வச்சிருக்கு."

"நான்தான்" என்றாள் தங்கை.

பிசியோ தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இதை நம்பிக் கடினமான பயிற்சிக்கு மாத்தியிருந்தா தோள்மூட்டு நழுவியிருக்கும். இனிமே செய்யாதீங்க. இப்ப இதைப் பாருங்க. போன செவ்வாய்க்கிழமை. ஒன்பது டிகிரி. தோள் முதல்ல அசையுது. யாரும் தொடலை. இதுக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்."

"அன்னிக்குத்தான் அவ எல்லாம் போச்சுன்னு சுவரைப் பாத்துப் படுத்துட்டா" என்றாள் தங்கை.

"நான் அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். என் கையால வந்த பொய், என் வாயாலயே போகட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் வலது பக்கமாக நின்று சொன்னாள்.

"அப்போ அந்த அறுபது?"

"என்னோடது. ஒன்பதுதான் உன்னோடது."

"பிரேக் பிடிக்கலைன்னா டிரைவர்கிட்ட சொல்லணும்டி. நல்லா பிடிக்குதுன்னு சொல்லி வண்டியை எடுக்க வச்சிருக்கே."

இரண்டு நாள் பேச்சு இல்லை. தட்டைத் திருப்பப் போன தங்கையின் கையை அக்கா தட்டிவிட்டாள். மூன்றாம் நாள் பாதி சாப்பிட்டு நிறுத்தி, யோசித்து, வலது கையால் தட்டைத் தானே திருப்பினாள்.

"அந்தப் பக்கம் இருக்கும்னு தெரியும். கண்ணுக்குத்தான் தெரியலை" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, "டேப்லெட்டை எடுத்து வை. நீ என் கண்ணு முன்னால, கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

ஏழு வந்தது. திட்டிக்கொண்டே மறுபடி தூக்கினாள். எட்டு.

அதற்குப் பிறகு டிப்போவுக்கு போன் போட்டாள். "அடுத்த மாசம் இல்லை. எப்பன்னு தெரியலை. அந்த சீட்டுக்கு ஆள் போட்டுக்கங்க." போனை வைத்தவள் அழுதாள். தொடலாமா கூடாதா என்று தங்கை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"கண்ணைத் துடைச்சுவிடக்கூட பிசியோகிட்ட கேக்கணுமாடி?"

தங்கை ஓடிவந்து துடைத்தாள்.

எட்டு மாதத்தில் முப்பத்தெட்டு வந்தது. விரல்கள் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. ஸ்டியரிங் இனி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டிப்போவில், வெளியேறும் வண்டிகளின் நேரத்தைக் குறிக்கும் மேஜையை அவளுக்குக் கொடுத்தார்கள்.

முதல் நாள் முடிந்து வந்தவளிடம், "எப்படி இருந்துச்சு?" என்றாள் தங்கை.

"மின்விசிறி சரியா என் தலைக்கு மேல. தாள் பறந்துக்கிட்டே இருந்துச்சு" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றியபடி. "இடது கையைத் தூக்கித் தாள் மேல வச்சேன். பறக்கறது நின்னுடுச்சு."