ஜோடி நடை

ஆறு மணிக்கு நடை. ஐந்து ஐம்பதுக்கு, எனக்கு ஜோடியாக வரவேண்டிய ரீட் போன் செய்தான்.

"பிரிட்டா, கோவிச்சுக்காத. நாளைக்கு மழையாம். கோதுமை விதைச்சு முடிக்காம டிராக்டரை விட்டு இறங்கக் கூடாதுங்கறார் அப்பா."

எங்கள் ஊரில் பள்ளி ஆண்டிறுதியில் நடக்கும் பிராம் நடனத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதற்கு முன் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நடக்கும் ஜோடி நடைக்கு ஊரே வரும். பெயர் வாசிப்பார்கள். வளைவின் கீழ் நின்று, பிறகு கூடத்தின் நீளத்துக்கும் நடக்க வேண்டும். ஜோடி இல்லாதவர்கள் நடப்பதில்லை.

முன்வரிசையில் என் அப்பா சக்கர நாற்காலியில், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு. மருத்துவமனையிலிருந்து வெளியே வர மூன்று மணி நேரம்தான் அனுமதி. வரப்போகும் ஜூன் மாதத்தைப் பற்றி டாக்டர் பேசுவதையே நிறுத்தியிருந்தார்.

பெயர் வாசிக்கும் மிஸஸ் ஸ்லெட்டனிடம் ஓடினேன்.

"தனியா நடக்கறேன் மிஸ்."

"வழக்கமில்லையேம்மா."

"பிராம்னா ப்ராமனேடோட சுருக்கம், பிரெஞ்சுல உலாவறதுன்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க? அதுல ஜோடி எங்க இருக்கு மிஸ்?"

"அர்த்தம் அதுதான். ஊர் ஒத்துக்கணுமே." அப்பாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "யாரையாவது கூட்டிட்டு வா. கடைசியா வாசிக்கறேன்."

நடந்து முடித்தவர்களிடம் கெஞ்சினேன். இரண்டு பேர் தலையசைத்து மறுத்தார்கள். கார்ஸ்டன் பின்வாங்கினான். "இன்னொருத்தியோட நடந்தா ஹெய்டி என் காலை ஒடிச்சிருவா."

"எதுக்கு ஒடிக்கணும்? நீ நடக்கறதே ஒடிஞ்ச மாதிரிதான்டா இருக்கு." ஹெய்டி என் கையைக் கோத்துக்கொண்டாள். "வா. இவனைவிட நான் நல்லா நடப்பேன்."

எங்கள் பெயர்களை வாசித்தார்கள். யாரோ சிரித்தார்கள். வளைவின் கீழ் நின்று முன்வரிசையைப் பார்த்தேன்.

அப்பாவின் தலை மார்பில் சரிந்திருந்தது. வலி மருந்தின் தூக்கம். அம்மா தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"நட," என்றாள் ஹெய்டி.

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க பிரிட்டா."

"அவர் பாக்கல."

ஹெய்டியும் அதற்குப் பிறகு அசையவில்லை. வாத்தியக்காரர்கள் நடைக்கான பாட்டை மறுபடி வாசித்தார்கள். அதுவும் முடிந்தது. கூடத்தில் சிலிண்டரின் சீறல் மட்டும் கேட்டது. அம்மா அவர் கன்னத்தைத் தட்டினாள். எழவில்லை. மறுபடி, பலமாக, அடிப்பது போலவே தட்டினாள்.

கண் திறந்தது. முதலில் அம்மாவைப் பார்த்தார். பிறகு தேடினார்.

இசை இல்லாமலே நடந்தோம். முடிந்தவரை மெதுவாக.